நூற்று எழுபத்தாறு கிலோமீட்டரும் பதினொரு மணி நேரமும்

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் தொலைவு ஏறத்தாழ நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர். இதை எவரும் மறுத்ததில்லை. சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் விற்பனை மேலாளர் திரு. ஜெயராமன், 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்துத் தென்னிந்திய வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்து அளந்து கண்டதும் இதே எண்தான். விமானம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் இருபத்தொரு நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி என்று அவர் முடிவு செய்தார். அந்த அரை மணியால் அம்பத்தூரை ஒட்டிய எங்கள் கள்ளிக்குப்பத்து லோகநாயகி தம் வேலையையும் நற்பெயரையும் இழக்கும் நிலைக்கு வந்தார். இழக்காமல் இருந்ததற்கு அவரே காரணம். வேறு யாரும், இதை எழுதும் நான் உட்பட, தொடக்கத்தில் அவருக்குத் துணை நிற்கவில்லை.

லோகநாயகி கள்ளிக்குப்பத்தின் பழைய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையின் நிலம் மனைகளாகப் பிரிந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். தேர்ச்சி பெற்ற கையோடு, நூற்பாலைகளுக்கு ஸ்பிண்டில் என்னும் நூற்புக் கதிர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அளவு பார்க்கும் அறைக்கு மாற்றப்பட்டார். ஸ்பிண்டிலின் பருமன் சரியா என்பதைக் கேஜ் என்னும் உருக்கு அளவியால் சோதித்துச் சீட்டில் கையெழுத்திடுவது அவர் பணி. அவர் கையெழுத்தில்லாமல் சரக்கு வாயிலைத் தாண்டாது. ஒருமுறை மாதக் கடைசியில், மயிரிழை பருத்திருந்த சரக்கொன்றை அனுப்பிவிடும்படி ஃபோர்மேன் கேட்டுக்கொண்டார். "நீங்க கையெழுத்துப் போடுங்க சார், அனுப்பிக்கலாம். நான் போடல" என்றார் லோகநாயகி. ஃபோர்மேனும் போடவில்லை. சரக்கு மறுபடி சாணை பிடிக்கப் போயிற்று.

கேஜ்களும் நாளடைவில் தேயும். அவற்றைச் சரிபார்ப்பதற்கென்று மூல அளவி ஒன்று உண்டு. அதை 'மாஸ்டர்' என்பார்கள். பச்சைக் கம்பளித் துணி பதித்த மரப்பெட்டியில் அது இருக்கும். பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கியவர், திரும்ப ஒப்படைக்கும்வரை அதைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது. தரையில் வைத்துவிட்டு நகரவும் கூடாது. தொழிற்சாலையின் விதிகளில் பலவும் ஏட்டளவில் இருந்தன. இந்த விதியை லோகநாயகி மட்டும் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தார்.

அந்த ஏப்ரலில் கோயம்புத்தூர் ஆலை ஒன்று சரக்கின் அளவில் குறை கூறியது. மாஸ்டர் பெட்டியோடு லோகநாயகி இரவு ரயிலில் அனுப்பப்பட்டார். குறை பொய்யென்று ஒரே பகலில் மெய்ப்பித்தார். அன்று மாலையே மதுரை ஆலை ஒன்றும் அதே குறையைக் கூறிவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்குள் மெய்ப்பிக்காவிட்டால் சரக்கு முழுவதும் திரும்பி வரும் என்று தந்தி வந்தது. திரு. ஜெயராமன் டிரங்க் காலில் லோகநாயகியை அழைத்தார். பின்னாளில் விசாரணையில் அவர் மறுத்த பேச்சு இதுதான்:

"சார், விடிகாலைல நாலரை பஸ்ஸுல ஏறுனா பத்தரைக்கெல்லாம் மதுரைல கீறேன்."

"அந்தப் பெட்டிய வெச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டுப் போவியா? ஃப்ளைட்ல போம்மா. அரை மணி நேரம். நான் அளந்துட்டேன்."

"எத்த வெச்சி அளந்தீங்க சார்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அது தானாகத் துண்டிக்கப்பட்டதா என்பது இன்றுவரை தெரியாது.

விடுதிக்குப் பயணச்சீட்டு வந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அந்த வாரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு நேர் விமானம் இல்லை. முகவர் வேறு வழியின்றிச் சென்னை வழியாகப் பதிவு செய்திருந்தார். வடகிழக்கே நானூறு கிலோமீட்டர் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். பிறகு தெற்கே மீண்டும் நானூறு கிலோமீட்டர் பறக்க வேண்டும். லோகநாயகி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயன்றார். அலுவலகம் பூட்டியிருந்தது. பெட்டியை வெளியே எடுத்துச் செல்ல அனுமதிக்கும் வாயில் சீட்டில் 'விமானம் வழியாக' என்று கோயம்புத்தூர்க் கிளையினர் எழுதிவிட்டிருந்தனர். ஆணைக்குக் கட்டுப்பட்டு அவர் விமானம் ஏறினார். கள்ளிக்குப்பத்திலிருந்து விமானத்தில் பறந்த முதல் பெண் அவர். அதை அவர் ஒருபோதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று காலை ஆறேகாலுக்கு விடுதியை விட்டவர், மாலை ஐந்தேகாலுக்கு மதுரை ஆலையின் வாயிலை அடைந்தார். பதினொரு மணி நேரம். சரக்கு முற்பகலிலேயே லாரியில் ஏறிவிட்டது. போதாக்குறைக்கு, வெப்பத்தில் உருக்கு விரியும் என்பதால் மாஸ்டரை இரவு முழுவதும் அளவு அறையில் வைத்துவிட்டுக் காலையில்தான் அளப்பேன் என்று அவர் அங்கேயும் விதியைக் கூறினார். மறுநாள் அளந்தபோது, தேய்ந்திருந்தது ஆலையின் கேஜ் என்பது வெளிப்பட்டது. ஆலை வருத்தம் தெரிவித்தது. ஆனால் அதற்குள் அது வேறு தொழிற்சாலைக்கு ஆணை கொடுத்துவிட்டது.

பெரிய வாடிக்கை ஒன்று கைநழுவினால் யாரேனும் ஒருவர் பதில் கூறியாக வேண்டும். திரு. ஜெயராமன் ஒரு தாளில் கணக்கிட்டார். பறந்த நேரம் இரண்டு மணி பதினைந்து நிமிடம். மற்றவற்றுக்குத் தாராளமாக இரண்டே முக்கால் மணி. ஆகமொத்தம் ஐந்து. மீதி ஆறு மணி நேரம் இந்தப் பெண் எங்கே இருந்தார்? குற்றக் குறிப்பாணை அதையே கேட்டது: பணி நேரத்தில் ஆறு மணி நேரம் இருந்த இடம் விளக்கப்படவில்லை; மதுரையில் இருக்க வேண்டியவர் அனுமதியின்றிச் சென்னையில் காணப்பட்டார். ஆங்கிலத்தில் ஒரு தாள், கீழே தமிழில் ஒரு தாள். இரண்டையும் வருகைப் பதிவு அறைக்கு அருகில் இருந்த அறிவிப்புப் பலகையில் நான்கு ஊசிகளால் குத்தி வைத்தார்கள். மூன்று ஷிப்டிலும் அந்த வழியாகப் போகிறவர்கள் நானூறு பேர். அவர்களில் பெண்கள் இருபத்தாறு பேர்.

'சென்னையில் காணப்பட்டார்' என்ற தொடருக்கு மூலம் துலுக்கானம். அயனம்பாக்கத்துக்காரர், தொழிற்சாலையின் கார் ஓட்டுநர். இயக்குநரின் விருந்தினரை மீனம்பாக்கத்தில் விடப்போனபோது லோகநாயகியைப் பார்த்ததாகத் தேநீர்க் கடையில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான். இரண்டு நாளில் அதற்குக் கையும் காலும் முளைத்தன. ஒரு பெண்ணின் கணக்கில் ஆறு மணி நேரம் குறைந்தால் ஊர் அதை எதைக் கொண்டு நிரப்பும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கள்ளிக்குப்பத்துக் கைப்பம்பில் குடத்தோடு நின்ற பூங்காவனம் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "இன்னா லோகா, மதுரைக்குப் போற ஏரோப்ளேனு மீனம்பாக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டுத்தான் போவுமா?"

"ஆமாக்கா. ஆறு மணி நேரம் நிக்கும். ஒனுக்கும் ஒரு டிக்கெட்டு எடுத்தாரட்டா? மடியில அஞ்சு கிலோ பொட்டிய வெச்சிகினு குந்தணும். வரியா?"

பூங்காவனம் பம்பின் கைப்பிடியை வேகமாக அடிக்கத் தொடங்கினாள்.

லோகநாயகியின் கணவர் கஜபதி ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். மென்மையானவர். வீட்டில் நடந்த உரையாடலை அவரே பின்னர் என்னிடம் கூறினார்.

"ஒரு காயிதந்தானே கேக்கறாங்க. தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிக்கங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரேன்."

"குடுக்கறேன். ஆறு மணி நேரம் எங்க இருந்தேன்னு எழுதட்டும்? நீயே சொல்லு."

"நான் ஒன்ன ஒண்ணும் கேக்கலயே, லோகா."

"கேக்கலதான். அதான் வலிக்குது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதன்பிறகு கஜபதி கேட்டார். லோகநாயகி தம் சிறிய குறிப்பேட்டை எடுத்து நிமிடம் நிமிடமாகப் படித்துக் காட்டினார். அளவு அறையில் ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு குறிக்கும் பழக்கம் அவருக்கு. பயணத்திலும் அதை விடவில்லை. படித்து முடித்தபோது கஜபதி, "மன்னிப்பு எழுதாத" என்று மட்டும் சொன்னாராம்.

ஆனால் அதற்கு முன்பே அவர் என்னிடம் வந்து ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். எங்கள் தெருவில் மனு எழுத என்னிடம் வருவது வழக்கம். நானும் எழுதினேன். ஆறு வாக்கியங்கள், ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. 'என் கவனக்குறைவால் நேர்ந்த காலத்தாழ்வுக்கு வருந்துகிறேன்' என்று முடித்திருந்தேன். மறுநாள் லோகநாயகி அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கடைசி வாக்கியத்தின் குறுக்கே, சரக்கை நிராகரிக்கும் சிவப்புப் பென்சிலால் கோடிழுத்திருந்தார்.

"எல்லாம் அழகா கீது சார். ஆனா பொய்யி."

"வேலை போய்விட்டால் என்னம்மா செய்வாய்?" என்றேன்.

"போவட்டும். இத்தக் குடுத்தா ஆறு மணி நேரமும் நான் திருடுனதுன்னு ஆயிடும். அப்புறம் அந்த ரூம்புல எந்த மூஞ்சிய வெச்சிகினு கையெழுத்துப் போடுவேன்? என் தப்பு ஒண்ணே ஒண்ணு கீது சார். அந்தாளு அரை மணின்னு சொன்னதும் அத்த நம்பாம பஸ்ஸு ஏறியிருக்கணும். அத்த வேணா எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நான் அதை எழுதினேன். விளக்கக் கடிதமாக அது சென்றது. அதைப் படித்த திரு. ஜெயராமன் மறுநாளே விசாரணைக்கு ஆணையிட்டார்.

தொழிலாளர் வழக்குகளில் வாதாடி ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர் விசாரணை அதிகாரியாக வந்தார். அந்தத் தொழிற்சாலையில் சங்கம் கிடையாது. லோகநாயகிக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் ஒருவரே. முதல் அமர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக, மாலையில், துலுக்கானம் தாமாகவே கள்ளிக்குப்பத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மீனம்பாக்கத்துல பாத்தேன்னு மட்டுந்தான் சொன்னேன், லோகா. மீதிய அவனுங்களே சேத்துகினானுங்க."

"மீதிய நீ சொல்லல. அதான் சேத்துகினானுங்க, அண்ணாத்தே."

"ஜெயராமன் சாரு காருக்கு நாளைக்கும் நான்தான் டிரைவரு. எதுத்துச் சொன்னா வேல போய்டும்."

"எனுக்கும்தான் போவும்" என்று சொல்லிவிட்டு லோகநாயகி அரிசி களையப் போய்விட்டார். துலுக்கானம் கஜபதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சென்றார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உணவுக் கூடத்தின் மாடியில் விசாரணை நடந்தது. திரு. ஜெயராமன் கரும்பலகை ஒன்றைத் தருவித்து, அதில் தம் கணக்கை எழுதினார். பதினொன்று கழித்தல் ஐந்து, சமம் ஆறு. கழித்தலில் பிழையில்லை. சாட்சி உண்டா என்று அதிகாரி வினவியபோது லோகநாயகி பதில் கூறுமுன் கதவருகில் இருமல் கேட்டது. துலுக்கானம் காக்கிச் சட்டையோடு நின்றார். கையில் காரின் பயணப் பதிவுப் புத்தகம். மேல்தாள் அலுவலகத்துக்குப் போய்விடும். கார்பன் நகல் ஓட்டுநரிடம் இருக்கும்.

"எத்தனை மணிக்குப் பார்த்தீர்?" என்று கேட்டார் அதிகாரி.

"பத்து மணிக்கு ஒருதபா சார், கெஸ்ட விடப்போனப்ப. ரெண்டரைக்கு ஒருதபா, இன்னொருத்தர இட்டாரப் போனப்ப. ரெண்டு டிரிப்பும் இதுல கீது, பாருங்க. அதே சேரு. அதே பொட்டி மடிமேல."

"பேசினீரா?"

"காலைல பேசல, கெஸ்டு கூட இருந்தாரு. மத்தியானம் பேசுனேன். இன்னா லோகா இங்க குந்திகினுகீறன்னேன். மதுரைக்குப் போறேன் அண்ணாத்தேன்னுச்சு. கோயம்புத்தூர்லேந்து மதுரைக்கு மீனம்பாக்கம் வழியாவான்னு எனுக்குச் சிரிப்பு வந்துட்ச்சு. டீ வாங்கியாந்து குடுத்தேன். பொட்டிய நான் புடிச்சிக்கிறேன், நீ போய் மூஞ்சி கழுவிகினு வான்னேன். கையெழுத்து நீயா போட்டன்னு கேட்டுச்சு சார். குடுக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். திரு. ஜெயராமன் எழுந்தார். "பத்துலேர்ந்து ரெண்டரை. நடுவுல நாலரை மணி நேரம் யார் பார்த்தது? மீனம்பாக்கத்துலேர்ந்து அம்பத்தூர் இருபது கிலோமீட்டர். டாக்ஸில போனா அரை மணி."

"மறுபடி ஸ்கேல வெச்சி அளக்கறீங்க சார்" என்றார் லோகநாயகி.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். துலுக்கானம் பொத்திக்கொள்ளவில்லை. "கத்திபாராவத் தாண்டவே அரை மணி ஆவும் சார். நான்தான ஓட்டறேன்" என்றார்.

லோகநாயகி குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். மதுரை விமானம் பன்னிரண்டு பத்துக்குப் புறப்பட வேண்டியது. வேறோர் ஊரிலிருந்து அது வந்து சேரத் தாமதமானது. கூடத்தில் நான்கு முறை அறிவித்தார்கள். 11.40: ஒரு மணிக்குப் புறப்படும். 12.50: இரண்டு மணிக்கு. 1.35: இரண்டரைக்கு. 2.20: மூன்று மணிக்கு. நான்கும் பென்சிலில் இருந்தன. "இவ்ளோதான் சார் என் சாட்சி. அந்த ஹாலுல குந்தாதவங்க இத்த எழுத முடியாது. அங்க கேட்டுப் பாருங்க" என்றார்.

"அதை நீயே பிறகு எழுதியிருக்கலாமே" என்றார் திரு. ஜெயராமன்.

"அதுக்குத்தான் கேட்டுப் பாக்கச் சொல்றேன்."

விசாரணை அதிகாரி விமான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வர ஐந்து வாரமாயிற்று. அந்த ஐந்து வாரமும் லோகநாயகி நாள்தோறும் எட்டு மணிக்கு முன்பே வேலைக்கு வந்தார், அளந்தார், கையெழுத்திட்டார். அளவு அறையில் அவரோடு பேசியவர்கள் சிலரே. ஆள் நிர்வாக அலுவலர் இருமுறை அழைத்து, ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார். "எந்த வரி சார்?" என்று லோகநாயகி கேட்டார். இருமுறையும் அதே கேள்விதான்.

பதில் வந்தது. பணிப் பதிவேட்டிலிருந்து நான்கு அறிவிப்புகளின் நேரத்தையும் எடுத்தெழுதியிருந்தார்கள். மூன்று, குறிப்பேட்டோடு நிமிடம் பிசகாமல் பொருந்தின. 12.50 மட்டும் அங்கே 12.51 என்றிருந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக லோகநாயகியைப் பார்த்தார்.

"ஒரு நிமிடம் வேறுபடுகிறதே, அம்மா?"

"அவங்க கடியாரத்தப் பாக்கச் சொல்லுங்க சார். என்னுது காலைல ரேடியோவ வெச்சித் திருப்பிகினது."

குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அறிக்கை முடிந்தது. பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்றும், இவ்வேறுபாட்டை ஆணையிட்டவர் கருதவில்லை என்றும் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. கதை இங்கே முடியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணினோம். ஆள் நிர்வாக அலுவலர் லோகநாயகியை அழைத்து, குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது, விசாரணை தொடங்கியபோதே பலகையிலிருந்து எடுத்தாயிற்று, இனி இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்றார்.

"அந்தப் பேப்பரு எத்தினி நாளு சார் போர்டுல இருந்துச்சு?"

"அது எதற்கு இப்போது?"

"பத்தொம்பது நாளு. நான் எண்ணுனேன். இந்த ரிப்போர்ட்டும் அதே போர்டுல, அதே எடத்துல, பத்தொம்பது நாளு இருக்கணும். தமிழ்லயும் இருக்கணும்."

"அப்படி வழக்கமில்லையே, அம்மா."

"அதுவரைக்கும் நான் அளக்கறேன் சார். சீட்டுல கையெழுத்துதான் போட மாட்டேன்."

இரண்டு நாள் சரக்கு தேங்கியது. ஃபோர்மேன் வந்து வேண்டினார். "நீங்க போடுங்க சார், அனுப்பிக்கலாம்" என்றார் லோகநாயகி. ஃபோர்மேன் இம்முறையும் போடவில்லை. மூன்றாம் நாள் காலை முதல் ஷிப்டு உள்ளே வரும்போது பலகையில் இரண்டு தாள்கள் இருந்தன: ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்த் தாளைத் துலுக்கானம் வாய்விட்டுப் படித்தார்; எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் அவருக்கு. படித்து முடிப்பதற்குள் பின்னால் அறுபது பேர் நின்றுவிட்டார்கள். அன்றே லோகநாயகி தேங்கிய சீட்டுகளில் கையெழுத்திட்டார். துலுக்கானத்தின் வேலைக்கு ஒன்றும் நேரவில்லை. திரு. ஜெயராமனின் காரை அவரே தொடர்ந்து ஓட்டினார். அந்தக் காரில் அதற்குப் பிறகு பேச்சு குறைவு என்று கேள்வி. பயண ஆணைகளில் 'ஆகும் நேரம்' என்னும் கட்டத்தைத் திரு. ஜெயராமன் அதன்பின் வெறுமையாகவே விட்டார்.

லோகநாயகி அந்த அளவு அறையிலேயே தொடர்ந்து பணியாற்றி, 1997இல் அதன் பொறுப்பாளரானார். பின்னும் பலமுறை மதுரைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் பேருந்தில்.

பத்தொன்பது நாளும் அவர் பலகையின் அருகே நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இருபதாம் நாள் காலை மட்டும் ஏழரைக்கே வந்தார். நான்கு ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தாள்களை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். ஊசிகளை வருகைப் பதிவு எழுத்தரின் மேசைமேல் வரிசையாக வைத்து, "நாலு. எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அளவு அறைக்குப் போனார். அங்கே அன்றைய சரக்கு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.